அரைச் சாண்

“அத்திவாரம் எத்தன அடி தோண்டுவீங்க?” என்று கட்டட வேலை செய்யும் ஸஹீத் கேட்டதும் பாடசாலை மண்டபம் சிரித்தது.

“மேசன் இப்பவே கூலி பேசத் துவங்கிட்டார்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

கடற்கரை மணல்மேட்டைக் குத்தகைக்குக் கேட்டு இரண்டு கம்பனிகள் வந்திருந்தன. ஒன்று ஆறு மாடி ஹோட்டல் கட்டும். மற்றது கோல்ஃப் மைதானம் போடும். இரண்டில் எது என்பதை, சுனாமிக்கு முன் அந்த மேட்டில் குடியிருந்த குடும்பங்கள் ஒருமித்துச் சொல்ல வேண்டும்.

“பதினாறு அடி,” என்றார் ஹோட்டல்காரர் பெருமையாக. “கீழ வாகனம் நிப்பாட்டவும் இடம் வருது.”

கோல்ஃப் கம்பனியின் பொறியியலாளர் பிரசாந் எழுந்தார். “நாங்க தோண்டவே மாட்டம். இந்த விளையாட்டு பிறந்ததே இப்பிடியான கடலோர மணல்மேட்டிலதான். மேடு பள்ளத்தக் காத்து எப்பிடி வச்சிருக்கோ, அப்பிடியே விட்டுட்டுப் புல்லு மட்டும் வளப்பம்.”

“புல்ல வளத்து? மாடு மேய்க்கவா?” என்று முன்வரிசையிலிருந்த நபீலா கேட்டாள். மறுபடி சிரிப்பு.

ஸஹீத் மட்டும் சிரிக்கவில்லை. “பந்து விழக் குழி வெட்டுவீங்கதானே? அது எவ்வளவு ஆழம்?”

“அரைச் சாண்.”

“அரைச் சாண்தானா?”

“அவ்வளவுதான்.”

ஹோட்டலுக்குக் கை தூக்கச் சொன்னபோது மண்டபமே தூக்கியது. ஒரு கை மட்டும் மடியில் கிடந்தது. கோல்ஃபுக்கு அந்தக் கை மட்டும் எழுந்தது. சீமெந்து அரித்து, விரல் நுனிகள் வெடித்த கை.

அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பக் கூடுவதென்று முடிவாயிற்று. ஸஹீத் கடற்கரைப் பக்கம் நடந்தார். மச்சான் மீராசாஹிபு பின்னாலேயே போனார். ஸஹீதின் மனைவி சுஹறா அவருடைய தங்கை.

“உனக்கென்ன விசரா மச்சான்? ஹோட்டல் வந்தா உனக்கு மூணு வருசத்துக்கு வேல. என்ட மகன் ஸாஜிதுக்கும் வேல. ஆரோ வெளிநாட்டுக்காரன் பந்தடிக்க, நாம வேலிக்கு இங்கால நிண்டு வாய் பாக்கிறதா?”

ஸஹீத் நடந்துகொண்டே இருந்தார். காற்று மணலை அள்ளி, எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தது.

“சுஹறாவக் கொண்டு போன கடல் இது. அடக்க மையித்தக் கூடத் தரல்ல. உம்மா மௌத்தாகும் வரைக்கும் இந்தக் கடலத்தான் ஏசிக்கிட்டுக் கிடந்தா.” மீராசாஹிபு கடலை நோக்கிக் கையை நீட்டினார். “ஒரு கட்டடம் வந்து இத மறைச்சாலும் நல்லந்தான்!”

அடம்பன் கொடி படர்ந்த ஒரு சிறு மேட்டருகே ஸஹீத் நின்றார். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். மெல்ல ஸலாம் சொன்னார்.

மீராசாஹிபு சுற்றிலும் பார்த்தார். ஒரு குருவி கூட இல்லை. “ஆருக்கு ஸலாம் சொல்றாய்?”

ஸஹீத் குந்தியிருந்து, கொடியில் சிக்கியிருந்த ஒரு பொலித்தீன் பையை எடுத்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நிமிரவில்லை.

“உம்மா அவட முகத்தப் பாக்கோணும் எண்டு நிண்டிருப்பா, மச்சான். பாக்கிற மாதிரி இரிக்கல்ல. அதுதான் நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல.”

“என்னத்தச் சொல்லல்ல?”

“கடல் அவளக் கொண்டு போகல்ல.”