ஒரு மாசம் முன்னபின்ன

ஸுல்மா பூதக்கண்ணாடியை சவுண்ட் கார்டின் மேல் பிடித்து, சிப்பில் பொறித்திருந்த தேதியைப் படித்தாள். பிறகு அதை என் மேஜையிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

“இது தொண்ணூத்தெட்டு நவம்பர், வில்மார். எனக்கு அக்டோபருக்குள்ள வந்ததுதான் வேணும்.”

மொண்டெவிடியோ ஞாயிற்றுச் சந்தையில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிறேன். அந்தக் காலத்து விளையாட்டை அந்தக் காலத்துப் பெட்டியில்தான் ஆடுவேன் என்று அடம்பிடிக்கிற ஆட்கள் எனக்குப் பழக்கம். ஆனால் அவர்கள் வருஷம்தான் பார்ப்பார்கள். மாதம் பார்க்கிறவள் இவள் ஒருத்திதான்.

“இருபத்தேழு வருஷத்துப் பழசுல ஒரு மாசம் முன்னபின்ன இருந்தா என்னம்மா? பையனுக்குன்னுதானே சொன்னீங்க. கார் ரேஸ் ஓடினா அவனுக்குப் போதும்.”

“சத்தம் கொஞ்சம் மாறினாலும் கண்டுபிடிச்சிடுவான்.”

“அப்ப புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போங்களேன். ஏன் என் உயிரை வாங்கறீங்க?” என்று மாத்தே தேநீர்க் குவளையை அவளிடம் நீட்டினேன்.

ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

“போன மாசம் வாங்கி வச்சேன். மத்தியானம் வழக்கமா வர்ற நேரத்துக்கு வந்தான். கொஞ்ச நேரம் அது முன்னாடி நின்னான். எதை அமுக்கறதுன்னு தெரியாம திரும்பிப் போயிட்டான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “இந்தக் காலத்துப் பையனுக்கா தெரியல? என்ன வயசு அவனுக்கு?”

“பன்னெண்டு,” என்றாள் ஸுல்மா. “தொண்ணூத்தெட்டு அக்டோபர்லேருந்து பன்னெண்டுதான்.”