ஒரு ஆள் நிற்க இடம்

"என் பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு எடுங்க. ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு."

அவனிடம் கைப்பேசியை வாங்கிக்கொண்ட கொக்கிக்கு வழக்கம்போல் மண்டை குடைந்தது. கோட்டை வாசலில் அவன் ஓரமாக நின்றுகொண்டு, யாருடைய தோளிலோ போட்டிருப்பதுபோல் ஒரு கையை அந்தரத்தில் தூக்கி வைத்தான். பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

அவனும் கொக்கியுமாக, மேற்படிப்புக்கு வெளிநாடு வந்த ஐந்து பேரும் சனிக்கிழமை விடிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோட்டை, பாலம், ஏரி என்று எதையும் விட்டுவைப்பதில்லை. மற்றவர்கள் படம் எடுத்தே கைப்பேசியை நிரப்புவார்கள். அவன் போகிற இடத்துக்கு ஒரே ஒரு படம், அதுவும் இந்த லட்சணத்தில். அதனால் அவனுக்கு 'அரைப்படம்' என்று பெயர் விழுந்தது. எதற்கும் ஒரு கேள்வி போட்டு இழுக்கிறவளுக்கு, 'கொக்கி'.

ஊரையே கேள்வி கேட்கிறவளுக்கு இவனிடம் மட்டும் வாய் வரவில்லை. அவனை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது, அதுதான் சங்கதி. வீட்டிலோ ஒரு வரன் காத்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லிவிடு என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவளுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து அவன் மெதுவாகப் போன் பேசினான். கொக்கி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் கலங்கரை விளக்கம். பச்சைப் புடவை கட்டிக்கோ, எடுப்பா இருக்கும். நான் வெள்ளைச் சட்டை போடறேன்... ஆமா, கை உன் தோள்லதான். நீதான் போன தடவை விறைப்பா நின்னுட்ட. கொஞ்சம் சிரி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கல்யாணமானவன்டி. இல்லேன்னா நிச்சயமாவது ஆயிருக்கும்," என்றாள் அறைக்கு வந்ததும்.

அறைத்தோழி துணி மடித்துக்கொண்டே, "நேரா கேட்டுத் தொலையேன்" என்றாள்.

"கேட்டு, ஆமான்னுட்டா?"

"அப்பாகிட்ட சரின்னு சொல்லு. அந்த வரனாவது பிழைச்சுப் போகட்டும்."

அடுத்த சனிக்கிழமை கலங்கரை விளக்கத்தில் காற்று ஆளைத் தூக்கியது. வெள்ளைச் சட்டையில் வந்தவன், வழிப்போக்கர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து வழக்கமான பாட்டைப் பாடிவிட்டுக் கையைத் தூக்கினான். கொக்கி ஒரு முடிவோடு விறுவிறுவென்று போய் அந்தக் கைக்குக் கீழே நின்றாள்.

அவன் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். "இல்லங்க... அந்த இடம் காலி இல்ல."

"காலியாத்தானே கிடக்கு?"

"வேற ஒருத்தர் நிக்கிற இடம்."

"தெரியும். அவங்களுக்கே இந்தப் படத்தை அனுப்புங்க. என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

அவன் கையை இழுப்பதற்கு முன்பே படத்தை எடுத்துவிட்டிருந்த வழிப்போக்கர், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவன் கைப்பேசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் நகர்வதாக இல்லை. பெருமூச்சு விட்டு அனுப்பினான்.

இருவரும் கற்சுவரில் உட்கார்ந்தார்கள். ஏன் இந்த அசட்டு வேலை செய்தோம் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். எங்கோ ஒரு பெண் பச்சைப் புடவையில் அழுதுகொண்டிருப்பாள். இன்னொருத்தி குடும்பத்தில் கொள்ளி வைத்த பாவம் நமக்கு எதற்கு? அரை மணி கழிந்து, எழுந்து ஓடிவிடலாம் என்று அவள் நினைத்த நேரத்தில் அவன் கைப்பேசி ஒலித்தது.

பார்த்தவன் முகம் காது வரை சிவந்தது. கைப்பேசியை அவளிடம் நீட்டினான்.

கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள். நடுவில் பச்சைப் புடவையில், நரைத்த தலையோடு, வாயெல்லாம் பல்லாக ஒரு அம்மாள். அவன் கை கச்சிதமாக அந்த அம்மாள் தோளில் இருந்தது. கொக்கி அம்மாளுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றாள்.

"எங்கம்மா," என்றான் அவன் தரையைப் பார்த்தபடி. "போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்காங்க. அருவி, அரண்மனைன்னு திரை தொங்கவிட்டு ஊரையே முன்னால நிக்க வெச்சு எடுத்தவங்க. அவங்க மட்டும் எங்கயும் போனதில்ல. கடையை மூடினா அடுப்பு எரியாது. அதான் வாரா வாரம் நான் இடம் விட்டு அனுப்புவேன், அவங்க கடையிலயே நின்னு தன்னைப் படம் எடுத்து, கம்ப்யூட்டர்ல இதோட சேர்த்துக்குவாங்க. அம்மா பிள்ளைன்னு சிரிப்பீங்களேன்னுதான் சொல்லல."

கொக்கிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "என்னை ஏன் இவ்வளவு தள்ளி வெச்சிருக்காங்க?"

"கீழே எழுதியிருக்காங்க, படிங்க."

படித்தாள்.

'தானா வந்து நின்ன பொண்ணை வெட்டி எறிய மனசு வரலைடா. கல்யாணம் ஆகுற வரைக்கும் அந்தப் பக்கம் நிக்கட்டும், அப்புறம் நான் ஓரமாப் போயிடறேன்.'