சட்டத்துக்குள் அடங்காத பரம்பொருள்

ஏழாம் எண் ஓவியத்தின் முன்னால் நின்ற பெண்மணி கர்சீப்பை எடுத்துக் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டார். டிராயிங் மாஸ்டருக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தியா? மூணாவது நாளா வந்து நிக்கறாங்க. அழறாங்க!" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"ஏசி ஒத்துக்கலையா இருக்கும்" என்றாள் மனைவி. வருகைப் பதிவேட்டின் பின்னால் உட்கார்ந்து மூன்று நாளாகப் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச பக்தியும் தீர்ந்துபோயிருந்தது. "அஞ்சு மணிக்கு ஹாலைக் காலி பண்ணணும். ஒண்ணாச்சும் போச்சா? எங்க அண்ணன் உங்க சட்டை அளவு கேட்டு மெசேஜ் போட்டிருக்காரு."

அண்ணனுடையது டைல்ஸ் கடை. ஒரு படமாவது விற்றால் மாஸ்டர் ஓவியர்; இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து கடையின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு பாத்ரூம் டைல்ஸ் காட்ட வேண்டும். இருபது வருடப் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஹால் பிடித்துக் கண்காட்சி வைத்த மனிதர், சட்டை அளவைச் சொல்லாமல் ஏழாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மொத்தம் பன்னிரண்டு ஓவியங்கள். முக்கோணம், தாமரை, படமெடுத்த பாம்பு என்று ஆன்மிகத்துக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிந்து என்கிற புள்ளி மட்டும் எந்தப் படத்துக்குள்ளும் கிடையாது. அது வெளியே, ஒவ்வொரு ஓவியத்தின் பெயர் அட்டையிலும் சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

"பரம்பொருள் சட்டத்துக்குள்ள அடங்காது" என்று அதற்கு விளக்கம் வேறு. போன வாரம்வரை அந்தப் பரம்பொருள் மனைவியின் அலமாரியில், ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். படத்தை ஆசை ஆசையாகப் பார்ப்பார்கள், குனிந்து அட்டையைப் பார்ப்பார்கள், 'ச்சு' கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். விலையை ஒருத்தரும் கேட்கவில்லை.

"பிந்துவைப் பாத்ததும் ஆசையே அத்துப்போகுது பாரு" என்று மாஸ்டர் பூரித்தார்.

"ஆசை அத்துப்போனா அப்புறம் எப்படிங்க வாங்குவாங்க?"

மணி நாலே முக்கால். பெண்மணி கர்சீப்பைக் கைப்பையில் திணித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க, மாஸ்டர் குறுக்கே பாய்ந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். அந்த ஏழாம் நம்பர்ல பாம்பு மேல ஏறுதே, அது நமக்குள்ள தூங்கற சக்தி. அது முழிச்சுக்கிட்டா 'எனக்கு வேணும்'ங்கற நினைப்பே மனசுல இருக்காது. உங்களுக்கு அந்த நிலை வந்துடுச்சு, இல்ல?"

"நிலையும் வரலை, ஒண்ணும் வரலை. வயித்தெரிச்சல்தான் வந்துச்சு!" என்றார் பெண்மணி. "புது ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு நான்தான் உள் அலங்காரம் பண்றேன். உங்க படம் பன்னெண்டும் மொத்தமா வேணும்னு முதல் நாள் கதவு திறக்கறப்பவே வந்தேன்."

மனைவி எழுந்தே நின்றுவிட்டாள்.

"எடுத்துக்க வேண்டியதுதானேங்க?"

"எப்படிம்மா எடுக்கறது? மனசு கேக்காம தினம் வந்து பாத்துட்டுப் போனதுதான் மிச்சம். இன்னிக்குக் காலைல பக்கத்துத் தெரு கண்காட்சியில பன்னெண்டு குதிரைப் படம் வாங்கிட்டேன்."

மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பெண்மணி பெருமூச்சு விட்டார்.

"கதவு திறக்கறதுக்கு முன்னாடியே எல்லா அட்டையிலயும், கண்காட்சி வழக்கப்படி 'வித்தாச்சு'ன்னு சிவப்புப் பொட்டு ஒட்டிட்டீங்களே சார்!"