நாலாவது குரல்

ஜன்னலோர மரத்தில் குஞ்சு பொரித்திருக்கும் குருவியின் பெயர் என்ன என்பது மூன்று நாளாகத் தையல்காரியின் மண்டையைக் குடைகிறது. மெஷினை நிறுத்திவிட்டு, கைபேசியில் பறவைக் குரல்களை ஒவ்வொன்றாக ஒலிக்க விடுகிறாள். நாலாவது குரலுக்கு அந்தக் குருவியே ஜன்னல் கம்பிக்கு வந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கத்துகிறது. அலகிலிருந்த புழு ஜன்னல் விளிம்பில் விழுகிறது. “பேர் கிடைச்சிருச்சுங்க. எவ்வளவு ஆசையா பதில் சொல்லுது பாருங்க.” பித்தான் தைத்துக்கொண்டிருக்கும் கணவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, திரையின் அடியிலுள்ள குறிப்பைப் படிக்கிறார். “ஆசையா? தன் எடத்தப் பிடிக்க வேற குருவி வந்திருச்சுன்னு பதறுதாம். குஞ்சு இருக்கறப்ப இதப் போடவே கூடாதாம்.” அவள் சட்டென்று குரலை அணைக்கிறாள். மரத்தில் குஞ்சுகள் பசியில் கத்துகின்றன. குருவி போகவில்லை. கம்பியில் இருந்தபடியே நூல்கண்டுகளுக்கு நடுவிலும் துணிக்குவியலுக்குப் பின்னாலும் தலையைச் சாய்த்துச் சாய்த்து, வராத எதிரியைத் தேடுகிறது. வெயிலில் புழு மெல்ல நெளிந்து விளிம்பைத் தாண்டுகிறது.