பொய்த்தாயின் தோள்

குழந்தை அழவே மாட்டேன் என்றது.

பிளைவுட் தூண்களுக்கு நடுவே, சிம்மாசனத்தில் இருந்த சாலமோன் ராஜா ஏழாவது தடவையாகக் கையை உயர்த்தினார். சேவகன் வெள்ளித்தாள் சுற்றிய மரவாளை ஓங்கினான். அவன் இன்னொரு கையில் இருந்த பத்து மாதப் பயல் வாளின் பளபளப்பைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்.

ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடும் பைபிள் கதை. குழந்தையை வெட்டி ஆளுக்குப் பாதி கொடு என்கிறார் ராஜா. ஐயோ வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று கதறுகிறவள்தான் பெற்றவள் என்பது தீர்ப்பு.

குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால் யார் கதறி என்ன பிரயோஜனம்? டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

உதவி டைரக்டர் குழந்தையின் அம்மாவிடம் வந்தான்.

"அக்கா, நீங்க அவன் கண்ணுல படற மாதிரி நிக்கறீங்க. அதான் பய குஷியா இருக்கான்."

அவளுக்கும் அது தெரியும்.

"நான் ஒளிஞ்சுக்கறேன் தம்பி. ஆனா நானா வர்ற வரைக்கும் என்னை யாரும் கூப்பிடக் கூடாது."

சிம்மாசனத்தின் பின்பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பலகைகளுக்கு இடையில் ஒரு விரற்கடை இடுக்கு. அதில் கண்ணை வைத்தாள். கையில் இருந்த போனில் மணி பார்த்துக்கொண்டாள்.

பயல் தலையைத் திருப்பினான். அவள் நின்ற இடம் காலியாக இருந்தது. இந்தப் பக்கம் தேடினான், அந்தப் பக்கம் தேடினான். உதடு பிதுங்கியது.

பிறகு வீறிட்டான் பாருங்கள், மைக் பிடித்தவன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

ஷாட் ஓகே. எல்லாரும் கைதட்டினார்கள். சேவகன் வாளைக் கீழே போட்டுவிட்டு, "அம்மாவைக் கூப்பிடுங்கப்பா" என்றான்.

அம்மா வரவில்லை. ஷாட் முடியும்வரைதான் அவள் கேட்டது என்று நினைத்த உதவி டைரக்டர் சத்தம் போட்டுக் கூப்பிட்டான்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. மேக்கப் அறையில் தேடினார்கள். கேன்டீனில் தேடினார்கள். குழந்தை மூச்சை இழுத்துப் பிடித்து அழுதது. முகம் ரத்தச் சிவப்பாகியிருந்தது. உண்மைத்தாயாக நடித்த கதாநாயகி தூக்கிப் பார்த்தாள். அவன் வில்லாக வளைந்து அவள் நெஞ்சில் உதைத்தான்.

சிம்மாசனத்தின் பின்னால் எட்டிப் பார்த்த உடைத் தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள்தான் இவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரி, படத்துக்குக் குழந்தை வேண்டும் என்று சொன்னதும் இவர்களைக் கூட்டி வந்தவள்.

"அடிப்பாவி, இங்கயா உக்காந்திருக்க? புள்ளைக்குத் தொண்டை கிழியுது. போய்த் தூக்குடி!"

அவள் தையல்காரியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"காட்டிக் கொடுத்துடாதீங்கக்கா. இன்னும் கொஞ்ச நேரம்."

"அது பெத்த வயிறா, பாறாங்கல்லா? பத்து மாசத்துலயே பாலை மறக்கடிச்சவதானே நீ" என்று காலை உதறிக்கொண்டு போனாள் தையல்காரி. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

பத்து நிமிடம். பன்னிரண்டு.

அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்தாள். எழுந்துவிடப் பார்த்த கால்களைத் தானே கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் பொய்த்தாய்தான் எழுந்து வந்தாள். கண்ணில் அப்பிய மை, கன்னத்தில் ஒட்டிய மரு, பார்த்தாலே பெரியவர்களுக்குப் பயம் வரும். முப்பது வருடமாகக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவளுக்கு இதுதான் முதல் வேஷம்.

"கொடும்மா இங்க" என்று கதாநாயகியிடமிருந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். தோளில் போட்டாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தூண்களைச் சுற்றி நடந்தாள்.

அழுகை விம்மலானது. விம்மல் விக்கலானது.

அப்புறம் அதுவும் நின்றது. பயல் அந்தத் தோளிலேயே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டான். அவன் கண்கள் யாரையும் தேடவில்லை.

இடுக்கு வழியாக அதைப் பார்த்தவளுக்கு நெஞ்சில் ஒன்று அடங்கியது, ஒன்று அறுந்தது.

மணி பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நேராகப் பொய்த்தாயிடம் போனாள்.

"என்னக்கா பண்ணீங்க? எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."

"பெத்தவ நீ, எங்கிட்ட கேக்கறியா?" என்றாலும் அவள் சொன்னாள். இவள் திரும்பவும் கேட்டாள். மறுபடியும் சொன்னாள்.

குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அண்ணிக்குப் போன் செய்தாள். எனக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கமில்லையே, உன்னைத் தேடி அழுதால் நான் என்ன செய்வேன் என்று மூன்று நாளாகப் புலம்பிக்கொண்டிருந்த அண்ணி.

"பதினெட்டு நிமிஷம் அண்ணி. அதுக்கு மேல அவன் என்னைத் தேடல. முதுகுல தட்டாதீங்க, கீழேருந்து மேல நீவி விடுங்க. அவன் காது உங்க கழுத்துல படணும், நீங்க முனகறது அவனுக்குக் கேக்கணும். அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் அண்ணி மூக்கை உறிஞ்சினாள்.

"நாளைக்கு என்னைச் சேக்கறப்போ ஆஸ்பத்திரிக்கு மட்டும் அவனைத் தூக்கிட்டு வந்துடாதீங்க அண்ணி."

அவளுக்கு மூன்று மாதம் கண்ணாடி அறை, யாரும் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதத்துக்கு அப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.