ஏழாவது ஓட்டு

"ரோஸ்கோ, அந்த ஆளு வந்திருக்கான்டா! வாசல்ல நிக்கிறான்."

சர்ச் கூடத்தில் வறுத்த கோழித் தட்டை மேசையில் வைத்துக்கொண்டிருந்த ரோஸ்கோவுக்கு யாரென்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சொன்ன நண்பன் டூலியின் முகமே காட்டிக்கொடுத்தது. அண்ணன் லாவெலைப் புதைத்துவிட்டு வந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஷூவில் கல்லறை மண் அப்படியே இருந்தது.

கோச் ஸ்ட்ரவுட்! இருபத்திரண்டு வருஷமாக இந்த அலபாமா ஊரில் அந்தப் பேரைக் கேட்டால் காறித் துப்பாத ஆள் கிடையாது.

லாவெல் ஆடியது ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால்; அவன் லீக்கில் எட்டுக் கல்லூரிகள், அதில் ஒன்றுக்கு ஸ்ட்ரவுட் கோச். சீசன் முடிந்ததும் எட்டுக் கோச்சுகளும் ஓட்டுப் போட்டு, எல்லாக் கல்லூரியிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி முதல் அணி, இரண்டாம் அணி என்று பட்டியல் போடுவார்கள். சொந்தக் கல்லூரிப் பையனுக்குப் போடக் கூடாது. ஆக லாவெலுக்கு விழக்கூடியது ஏழு ஓட்டு. விழுந்தது ஆறு. அந்த ஒரே ஓட்டில் முதல் அணி கைநழுவி, இரண்டாம் அணியில் பேர் வந்தது.

"ஆமா, நான்தான் போடல" என்று பத்திரிகைக்காரனிடம் ஸ்ட்ரவுட் பட்டென்று ஒத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டபோது மட்டும் வாயில் கொழுக்கட்டை.

அந்த ஓட்டுதான் அண்ணனைக் கொன்றது என்று ரோஸ்கோ அடித்துச் சொல்வான். முதல் அணியில் இருந்திருந்தால் சம்பளத்துக்கு ஆடும் பெரிய டீம் ஏதாவது, ஆள் பொறுக்கும்போது முதல் ரவுண்டிலேயே எடுத்திருக்கும். நாலு வருஷம் ஆடிவிட்டு ராஜா மாதிரி வீடு திரும்பியிருக்கலாம். கூப்பிட்டதோ கடைசி ரவுண்டில். ஒன்பது வருஷம், நாலு டீம், எவனும் ஆட விரும்பாத இடத்திலெல்லாம் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டி மோதித்தான் பிழைப்பு. நாற்பது வயசில் மூளை கலங்கி, பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்டான். நாற்பத்து நாலில் போயே போய்விட்டான், பாவி.

சர்ச் கூடத்தில் லாவெலோடு ஆடிய பழைய ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, அழுது முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஸ்ட்ரவுட் டீமோட ஆட்டம் ஞாபகம் இருக்கா? ஒருத்தனை முட்டிச் சாய்ச்சுட்டு எந்திரிச்சவன், நேரா அவங்க பெஞ்சுல போய் உக்காந்து அவங்க தண்ணியையே வாங்கிக் குடிச்சானே! என்னா தில்லு எமகாதகனுக்கு!"

நூறு தரம் கேட்ட கதைதான், நூறு தரமும் சிரித்த கதை. ரோஸ்கோவின் அம்மா ஒடெஸ்ஸா மட்டும் சிரிக்கவில்லை. தேநீர் கூஜா காலியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

அதுவும் நல்லதுக்குத்தான். அம்மா கண்ணில் படுவதற்குள் இந்த ஆளைத் துரத்திவிட வேண்டும். ரோஸ்கோ விறுவிறுவென்று வாசலுக்குப் போனான்.

"எதுக்குய்யா வந்தே? நெஜமாவே செத்துட்டானான்னு பாக்கவா?"

எண்பது வயசுக் கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "துக்கம் கேக்க வந்தேன் தம்பி. கேட்டுட்டுப் போயிடறேன்."

"துக்கமா? அந்த ஒரு ஓட்டை நீ போட்டிருந்தா இன்னைக்கு இந்தத் துக்கமே கிடையாதே! என்ன, பொறாமையா? எங்க அண்ணன் உன் பசங்களைப் பொரட்டி எடுத்தான்னு வயித்தெரிச்சலா? இன்னைக்காவது வாயத் திறந்து சொல்லேன்!"

"அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்லப்பா."

ரோஸ்கோவுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. கோட்டுக் காலரைக் கொத்தாகப் பிடித்தான். அந்த மணிக்கட்டின் மேல் ஈரக்கை ஒன்று விழுந்தது.

"கையை எடுடா," என்றாள் ஒடெஸ்ஸா.

"அம்மா, இவன் யாருன்னு தெரியுமா?"

"உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். எடுன்னா எடு." நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க கோச்."

ரோஸ்கோ ஒன்றும் புரியாமல் காலரை விட்டான், கிழவர் உட்கார்ந்தார். கூடத்தில் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"லாவெல் இவங்க பெஞ்சுல போய் உக்காந்தானே, அந்த ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை, இவரு நூறு மைல் கார் ஓட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாரு," என்றாள் ஒடெஸ்ஸா. "நீ அப்ப சின்னப் பையன், சர்ச்சுல பாடிக்கிட்டு இருந்தே. 'உங்க புள்ளைக்குத் தலையில பட்ட அடி சாதாரணம் இல்ல. எங்க இருக்கோம்னே அவனுக்குத் தெரியல. இனி ஆட விடாதீங்கம்மா'ன்னு அழுதாரு. 'முதல் அணியில பேரு வந்தா டீமுங்க கொத்திக்கிட்டுப் போயிடும், அதுக்கு என் கையால ஓட்டுப் போட மாட்டேன்'னாரு."

ரோஸ்கோவின் கோபம் இன்னொரு பக்கமாகக் கிளம்பியது. கிழவர் முன்னால் குனிந்து, கண்ணீரும் சளியுமாகக் கத்தினான்.

"அப்ப ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கலாமேய்யா! பத்திரிகைக்காரன் வந்து கேட்டானே, அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே! ஒரு டீமும் தொட்டிருக்காதே, எங்க அண்ணன் இன்னைக்கு உசுரோட இருந்திருப்பானே! இருபத்திரண்டு வருஷம் ஏன்யா சொல்லாம இருந்தே?"

ஸ்ட்ரவுட் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்படி ஒரு டீமும் தொடாமப் போயிடுமேன்னு, சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கினது நான்டா," என்றாள் ஒடெஸ்ஸா.