கேள்வி இல்லாத வீடு

நாளெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு சகாயமேரி வீடு திரும்பியபோது, மேசையில் சூடாக இட்லியும் பக்கத்திலேயே முழங்கால் வலி மாத்திரையும் இருந்தன. கணவர் அந்தோணி எதுவும் கேட்கவில்லை. அவர் மனதில் கேள்வி எழுவதற்குள் காதில் செருகிய கருவி பதில் சொல்லிவிடும். அவள் மத்தியானம் சாப்பிடாதது, டெப்போவில் திட்டு வாங்கியது எல்லாம் அவருக்குத் தெரியும். ஊரே இப்படித்தான், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

“காதுல இருக்கறதக் கொஞ்சம் கழட்டி வைங்களேன்.”

கழற்றினார். கரண்ட் போன வீட்டில் நிற்பவர் போலத் தடுமாறி அவளையே பார்த்தார்.

“ஒண்ணுமே தெரியலையே மேரி... உனக்கு என்ன செய்யுது?”

அவள் கண் கலங்கியது.

“எனக்கே தெரியலீங்க. இன்னொரு தடவ கேளுங்க.”